இழுப்பறை ஒன்பது

ஈரத்தில் உப்பிய மரம்.
இழுப்பறை திறக்க
ஒரு காலை மேசையில் ஊன்ற வேண்டும்.
உள்ளே தட்டச்சு அட்டைகள்,
633.72 என்று தொடங்கி
தாவர நோயியல் என்று முடியும்.

போஜன் அப்படிக் கேட்கவில்லை.
குல்லாயிலிருந்து மழை சொட்ட,
"கொழுந்துல கொப்புளம் கெளம்புது,
அதுக்கு ஏதாச்சும் இருக்கா" என்றார்.
நேற்றும் முந்தாநாளும் வந்தாராம். நான் விடுப்பு.
திறந்து பார்த்து, மூடிவிட்டுப் போனாராம்.
புத்தகம் அலமாரியில்
இருந்தும் இல்லை.

அன்றே ஒரு நீலப் பேனா வாங்கினேன்.
கேட்டவர் வாயில் வந்தபடி எழுதினேன்.
'கொழுந்தில் கொப்புளம்', கொ வரிசையில்.
'லோன் கட்டாட்டி வீட்டுக்கே வருவாங்களா', லோ.
'பஸ்ஸில் படிக்க' என்று ஒன்று:
மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் முடிய வேண்டும்,
வளைவுகளில் தலை சுற்றுமாம்,
எழுத்து பெரிதாக இருக்கட்டும்.
'போன தடவை எடுத்த சிவப்பு அட்டை' என்றும் உண்டு.
அதன் கீழே பதினோரு புத்தகங்கள்.

ஆய்வுக்கு வந்தவர் கேட்டார்,
இது எந்த விதிப்படி?
வாயெடுத்தேன். கரண்ட் போனது.
டீ வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் 'ஒழுங்கின்மை' என்று குறித்துவிட்டு
ஊட்டி பஸ்ஸுக்கு ஓடினார்.
அதற்கும் ஓர் அட்டை எழுதி
ஒ வரிசையில் செருகினேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது காலியாகக் கிடந்தது.
புத்தகமே இல்லாத கேள்விகளுக்கு
அதை ஒதுக்கினேன்.
மறுபடி ஒருவர் கேட்டால் ஒரு கோடு.
கோடு கூடியதை முதலில் வாங்கலாம்,
பணம் வந்தால்.

கார்த்திகை மாதம், மூடுகிற நேரம்,
டான்டீ லயத்திலிருந்து சவரியம்மா வந்தார்.
என்னிடம் வரவில்லை.
அட்டைகளை விரலால் தள்ளிக்கொண்டே போனவர்
ஒன்பதில் நின்றார்.

'மண்டபம் கேம்ப்ல எழுதின பேரு ஒண்ணு,
ரேஷன் கார்டுல ஒண்ணு.
எதை மாத்தணும்.'

கீழே கோடுகள்.
"நாலு பேரா?"
நாலு பேர்.
"யாரு யாரு?"
பேர் எழுதுவதில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு பேனாவை வாங்கி
நாலின் மேல் குறுக்காக ஐந்தாவதை இழுத்தார்,
எடை மேடையில் கணக்குப்பிள்ளை போடுகிற மாதிரி.
மார்ச்சுக்குள்ள வாங்கிருவீங்களா?
தெரியாதும்மா.

மூடப் போனேன்.
வழக்கம்போல் பாதியில் சிக்கியது.
"கெடக்கட்டும்" என்று சொல்லி
குடையை விரித்தார்.