மோதிர விரல்

ஓஸ்ப் பாறைக்குக் கீழே
யெர்னேயா இன்னும் ஏறவில்லை.
அத்திக் கிளையில் கட்டிய பலகையில்
நான்கு விரல், பத்து நொடி,
கால் தரையை விடாமல்.

மார்ச்சில் 'டப்' என்று ஒரு சத்தம்.
கயிறு என்றுதான் நினைத்தாள்.
கயிறு நன்றாகவே இருந்தது.

தசைக்கென்ன,
மூன்று வாரத்தில் புடைத்துக்கொண்டு
கண்ணாடி முன் நிற்கும்.
தசைநாண் அப்படியில்லை.
பெயரிலேயே நாணம்.
ரத்தம் அதன் வீட்டுக்கு
எப்போதாவது வரும் விருந்தாளி;
வந்தாலும்
வாசலோடு போய்விடும்.

இன்று பன்னிரண்டு நொடி.
மேலேயிருந்து க்ளெமென் கத்துகிறான்:
"வெயில் ஏறுது, வா!"

கேட்காததுபோல்
ரொட்டியைப் பிய்க்கிறாள்,
இடது கையால்,
மோதிர விரலையும் சேர்த்து.

பள்ளத்தாக்கு முழுக்க ஜூன்.
அந்த ஒரு விரலுக்கு மட்டும்
இன்னும் ஏப்ரல்.