எத்தனை பாகம்?

ஏப்ரல் பதினைந்து.
விசைப்படகுகள் எல்லாம் கரை பிடித்துவிட்டன.
அறுபத்தொரு நாள்
மீனுக்குப் பேறுகாலம் என்கிறது சர்க்கார்.
நமக்கு என்ன காலம் என்று கேட்டாள் பிலோமி.

ஜெனிட்டாவின் வரைபடத்தைப் பாயில் விரித்தோம்.
பச்சை, மஞ்சள்,
மேலே போகப் போக அழுத்தித் தேய்த்த பழுப்பு.
பாம்பனை என் கட்டைவிரல் மறைத்திருந்தது.
கிழக்கே போனால் ராமேஸ்வரத்தில் தண்டவாளமே தீர்ந்துவிடும்,
திசைக்குச் சண்டை இல்லை.
அறுந்த தங்கூஸ் ஒரு துண்டை வைத்து அளந்தோம்:
சென்னை ஒரு விரற்கடை.
மணாலி ஆறு.

பனி பார்க்கணுமாம் பிலோமிக்கு.
பதினோரு வருஷமாய் ஐஸ் கம்பெனியில்
பார் பாராய் உடைத்துக் கொடுக்கிறவள்.
'அது அச்சில் ஊத்துனது.
எனக்குத் தானா விழுறது வேணும்.'

எவ்வளவு உயரம் என்றேன்.
மகள் மீட்டரில் சொன்னாள்.
பாகத்தில் சொல்லடி.
பெருக்கி, வகுத்து, அழித்து,
அங்கிருக்கும் கணவாய்
இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் பாகம் என்றாள்.
எங்கள் கடல் ஆழமான இடத்தில் ஏழு.
ஏழு பாகத்தில் முப்பது வருஷம் பிழைத்தவன்
அத்தனையையும் அண்ணாந்து நினைத்தேன்.
காது அடைத்தது.

எனக்கு ஜெய்சல்மேர்.
கால் நனையாத மணல்.
அங்கே அடிக்கிற காற்றுக்கு என்ன பேர்,
கச்சானா, கொண்டலா, விசாரிக்க வேண்டும்.
ஜெனிட்டாவுக்கு எந்த ஊரும் சரி,
ஹோட்டலில் லிப்ட் இருக்கணும்.

நிவாரணப் பணம் என்றைக்கு ஏறுமோ.
கியர்பாக்ஸ் வேறு கழற்றிக் கிடக்கிறது.
ராமநாதபுரத்தில் ஸ்வெட்டர் கேட்டேன்,
கடைக்காரர் பேசாமல்
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

டீசல் பாதி இருக்கும்போதே கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.
அந்தப் பழக்கத்தில்
முதலில் திரும்புகிற டிக்கெட்டைப் போட்டோம்.
ஜூன் பன்னிரண்டு வந்து சேர
மூன்று பெர்த், உறுதி.
போவதுதான் வெயிட்டிங் லிஸ்ட்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

வரைபடம் இப்போது பீரோ கதவில்.
மணாலியில் தங்கூஸின் ஒரு முனையைப்
பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறாள் பிலோமி.
ஒரு விரற்கடை அதிகம்.
வெட்ட மனமில்லை.
மறுமுனை பாம்பனைத் தாண்டித்
தண்ணீருக்குள் கிடக்கிறது.