மறுகா

குழாயில் பெயர் எழுதக் கூடாது.
இலக்கம் நூற்றுப் பதினேழு. ஆண். வயது பதினொன்று.
நாவலடி. காய்ச்சலின் நாலாம் நாள்.
இதற்குமேல் எனக்குத் தெரியத் தேவையில்லை என்பது
ஒழுக்கநெறிக் குழுவின் கடிதம்.

சய எண்பது பாகையிலிருந்து எடுத்து
உருகும்வரை கையுறைக்குள் வைத்திருந்தேன்.
சன்னலுக்கு வெளியே வாவியை
மழை ஊசி ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது.

பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு.
நாலே நாலு எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கியது.
படியெடுக்கையில் பிழை திருத்த ஆளில்லை.
பிழையாலேயே பிழைக்கிறது.

திரையில் அதன் ஓடு:
நூற்றெண்பது புரதங்கள் இரண்டிரண்டாய்ப் படுத்து
கிடுகுப் பின்னலாய் நெருங்கிக் கிடக்கின்றன.
நுளம்பின் குளிர்ந்த வயிற்றில் வழவழவென்றிருக்கும்.
நம் உடற்சூட்டுக்கு வந்ததும் அதில் சில
அன்னமுன்னாப் பழம்போல மேடு தட்டும்.
அழகு என்றுதான் முதலில் தோன்றியது.
பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன், சாப்பிடவில்லை.

இரண்டாம் வகை.
ஆனால் பையனின் குருதியில் முதலாம் வகையை அறிந்த
பிறபொருளெதிரி ஏற்கெனவே இருந்தது.
பழசு. இரண்டு வருடமிருக்கலாம்.

எனக்கும் ஒருமுறை வந்ததுதான்,
வந்தாறுமூலை விடுதியில், கடைசிப் பரீட்சைக்கு முதல்வாரம்.
அதனால் என் கையில் நானே குத்தி எடுத்தேன்.
செறிவாய் விட்டபோது வைரசு நின்றது.
பத்து மடங்கு ஐதாக்கினேன். நின்றது.
நூறு மடங்கில்
தட்டிலிருந்த கலங்கள் ஒவ்வொன்றாய்ப்
பச்சை ஒளி ஏற்றத் தொடங்கின.
எதிரி என்று பெயர் வைத்திருக்கிறோம்.
அரைகுறையாய்ப் பற்றும்போது
வந்தவனைக் கையில் பிடித்து
விழுங்கவென்றே இருக்கும் கலத்தின்
வாய்க்குள் கொண்டுபோய் விடுகிறது.
விழுங்கிய கலமே அதற்கு வீடாகிறது.
என்னுடைய இரத்தம் இதைச் செய்தது, என் கண்முன்னால்.

புதன்கிழமை ஒரு பெண் வந்தாள்.
குடையை மடித்து வாசலிலேயே நின்றாள்.

'கடிதம் வந்திச்சி மிஸ், ரெண்டாம் ரத்தம் எடுக்க
புள்ளயக் கூட்டி வரச்சொல்லி.
அவன் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தன்.'

பட்டியலைப் பார்த்து எழுதுநர் அனுப்பிய கடிதம்.
விடுதிக் கணினிக்கும் எங்களுடையதற்கும்
பேச்சுவார்த்தை கிடையாது.

'நாலாம் ஆண்டு படிக்கக்குள்ள வந்து சுகமாகின.
கொப்பளிப்பான் மாதிரி,
ஒருக்கா வந்தா மறுகா வராது எண்டுதான் இருந்தம்.
காய்ச்சல் விட்ட அண்டைக்குப் பொரிச்ச மீனும் சோறும் கேட்டான்.
ஒள்ளுப்பம்தான் திண்டான்.
ஏன் மிஸ், மறுகா வந்தது?'

என்னிடம் விடை இருந்தது. வரைபு இருந்தது,
நூறு மடங்கில் செங்குத்தாய் ஏறும் கோடு.
காய்ச்சல் விடும் நாள்தான்
நாளங்கள் கசியத் தொடங்கும் நாள் என்பதும் தெரியும்.
ஒருமுறை தப்பிய உடம்பு
அதை மறக்காமல் இருந்ததுதான் அம்மா
என்று சொல்ல வாயெடுத்து
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

குளிரூட்டியின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.
'இதுக்குள்ளயா இருக்கு?'
ஆம் என்றேன்.
'டிலுக்சன்' என்றாள், நான் கேட்காமலே.

அவள் போனபின் பதிவேட்டைத் திறந்தேன்.
117. இரண்டாம் மாதிரி: கிடைக்கவில்லை.
காரணம் என்ற கட்டம் மிகச் சிறியது.

கல்லடிப் பாலத்தில் மழை விட்டிருந்தது.
தயிர்க்கடை வாசலில் காலிச் சட்டிகள்
வாய் மேலே பார்த்து, வரிசையாய்.
ஸ்கூட்டியை நிறுத்திக் கவிழ்க்கத் தொடங்கினேன்.
கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.
சுகாதாரப் பரிசோதகரா என்றார். இல்லை என்றேன்.
ஆறாவதைத் தூக்கும்போது
முழங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது,
காலில் வெள்ளை வளையங்கள்.
எனக்கு இன்னும் மூன்று வகை மிச்சம்.
இரு கையிலும் தண்ணீர்ச் சட்டி.
ஊதினேன்.