இடப்பக்கக் கட்டு

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம், இரவு பத்தேகால்.
ரப்பர் காலணி வாசம். ஆறிப்போன காப்பி.
நூலில் கட்டிய பென்சில்கள்
சாவடிகளில் தொங்கிக் களைத்துவிட்டன.
துண்டுபோல் நீண்ட வாக்குச்சீட்டைப் பிரித்து,
மடிப்பு நீவி, எழுத்துவாரியாக அடுக்குகிறோம்
நானும் தோயரும்.

'வி' என்றால் வென்ஸ்திரெ.
வென்ஸ்திரெ என்றால் இடது.
எங்கள் நாட்டில் வலப்பக்கத்துக் கட்சிக்குப் பெயர் இடது.
வெளியூர்க்காரர் யாராவது விளக்கம் கேட்டால்
இருமிவிட்டு வானிலை பேசுவோம்.

பெயரில் பொய்யில்லை.
மன்றத்தில் ஒரு காலம் அவர்கள் உட்கார்ந்தது
இடப்பக்கம்தான்,
சாணி காயாத பூட்ஸோடு,
பட்டுக் கையுறைகளுக்கு எதிரே.

அன்று ஓட்டைப் பெட்டியில் போடுவதில்லை,
காற்றில் போடவேண்டும்.
திடலில் நின்று கை தூக்கினால்
கோமான் வீட்டுக் காரியஸ்தன்
குதிரைமேல் இருந்தபடியே முகங்களைக் குறித்துக்கொள்வான்.
எங்கள் வம்சத்து லவுஸ்ட் இடக்கையைத் தூக்கினானாம்.
ஏனடா என்றதற்கு,
"வலக்கை உங்களுக்குக் குத்தகை ஐயா,
இதுதான் என் சொந்தம்."
இடக்குப் பிடித்தவன்.

மன்றம் ஒப்பாத வரவுசெலவை
அரசரின் மந்திரிகள் தாமே கையெழுத்திட்டுச்
சட்டம் என்றார்கள், வருஷத்துக்கு வருஷம்.
அண்ணன் கிராவர்ஸும் தம்பி லவுஸ்டும்
வரி கட்டமாட்டோம் என்றார்கள்.
ஜப்திக்குப் போனது ஒரு சிவப்புப் பசு.
ஏலத்துக்கு ஊரே வந்தது, ஒரு வாயும் திறக்கவில்லை.
கடைசியில் பசுதான் கத்தியது.

கூட்டுறவுப் பால் நிலையத்தில்
மாட்டை எண்ணாதே, ஆளை எண்ணு என்பது விதி.
கிராவர்ஸின் இருபத்திரண்டுக்கும்
லவுஸ்டின் மூன்றுக்கும்
ஒரே கை, ஒரே எடை.
அந்தத் தராசின் முள்ளைப் பார்த்துத்தான்
நாட்டுக்கும் ஆசைப்பட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.
மந்திரிசபை கைக்கு வந்தது.
திடல் போய்த் திரை வந்தது.
அந்த இரவு இரண்டு வீட்டுக்கும் ஒரே பன்றி வெந்தது.

நாலே வருஷம்.

கோபன்ஹேகன் கோட்டைக்கும் பீரங்கிக்கும் எவ்வளவு?
"வயலுக்கே வேலி வேண்டும், நாட்டுக்கு வேண்டாமா?" அண்ணன்.
"மணல்மேட்டில் மூன்று மாடு, எவன் வருவான் பிடுங்க?" தம்பி.
லவுஸ்ட் போய்ச் சேர்ந்தது புதிதாய்ப் பிரிந்த
தீவிர இடதில், சீட்டில் இப்போது 'பி'.
அதன்பிறகு தேவாலயத்தில் வேறு வேறு பெஞ்சு.
பெண்களுக்கும் ஓட்டு வந்தபோது
லவுஸ்டின் மகள் கெர்ஸ்டீன
எந்த எழுத்துக்குப் போட்டாள் என்பதை
சாகும்வரை இரு வீட்டுக்கும் சொல்லவில்லை.
இருவரும் அவளுக்கு முட்டை கொடுத்தனுப்பினார்கள்.

இடது எப்படி வலமானது?
மனசு மாறியது என்பார் சிலர்.
நிலம் சேரச் சேர என்பார் தோயர்.
எனக்குத் தோன்றுவது பேருந்து இருக்கை:
தொழிற்சாலைக் கரியோடு புதிதாய் ஏறியவர்கள்
இடக்கோடியில் உட்கார உட்கார,
முன்பே இருந்தவர் நகர்ந்து நகர்ந்து
எதிர்ச் சன்னலோரம் போய்விட்டார்,
பயணச்சீட்டில் பழைய இடத்தின் எண்ணோடு.
தீவிரமானவர்களோ நடுக் கம்பியைப் பிடித்தபடி
இரு பக்கமும் சமாதானம் பேசுகிறார்கள்.

இப்போது மூன்றாவதாக ஒரு கட்டு, 'ஐ'.
என் மகன் ஓலுஃப் போட்டது இதில் எங்கோ கிடக்கும்.
ஒப்புதலில்லாமல் வரி ஏன் என்றது அந்தத் தலைமுறை.
வரியே ஏன் என்கிறான் இவன்.
ஒரு சொல்தான் உதிர்ந்திருக்கிறது,
ஞாயிற்றுக்கிழமை விருந்தில்
அதைத் தேடித்தான் இருவரும் கத்துகிறோம்.

"இடப்பக்கக் கட்டைத் தள்ளு" என்கிறார் தோயர்.
தள்ளுகிறேன். "இது இல்லை, இடது."
எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை
இருவருமே மறந்திருந்தோம்.
சிரிக்கவில்லை, களைப்பு.
கணக்கில் எட்டு ஓட்டு இடிக்கிறது.
ரப்பர் வளையத்தைக் கழற்றி
முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம்.