நாற்பத்தோராவது நுரை

புதன்கிழமை பீப்பாய் வரும்.
கடல் தாண்டி, சுமத்ராவின் ஏதோ ஒரு கூழாலையிலிருந்து
நீலப் பீப்பாய், மூடியில் மூன்று முத்திரை,
உள்ளே கருஞ்சாறு.
ஷம்சூரி தள்ளுவண்டியை
எங்கள் ஜூரோங் கூடத்தின் பின்வாசலில் நிறுத்தி
முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்து கேட்பார்.
"கோப்பி-ஓ கொசோங்!"
நாலு வருஷமாக அதே நகைச்சுவை.
நாலு வருஷமாக நானும் சிரிக்கிறேன்.

அழுகிய முட்டை, அடிப்பிடித்த முட்டைக்கோஸ்,
புதுத் தாரில் மழை விழுந்த வாடை.
எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாது.
என்னோடு மின்தூக்கியில் ஏறுகிறவர்களுக்கு
ஆறாம் மாடியில் திடீரென்று வேலை வந்துவிடும்.

காகிதத்துக்கு வேண்டியது நார் மட்டும்.
நாரோடு நாரைப் பிணைத்து
அத்தனை காற்றிலும் ஒரு மரத்தை நிறுத்திவைத்ததை
வேகவைத்து, கழுவி, வெளியேற்றிவிடுகிறார்கள்.
அறிக்கையில் லிக்னின் என்று எழுதுகிறோம்.
எங்கள் வீட்டில்
வயதாகியும் வளையாத ஆளை
வைரம் பாய்ந்த கட்டை என்பார்கள்.
ஷம்சூரியின் ரசீதில்
அந்த வைரத்தின் பெயர்:
கழிவு, திரவம், இருநூறு லிட்டர்.

அமிலம் சொட்டச் சொட்ட
பால்போலத் திரிகிறது கருப்பு.
வடிகட்டி, அலசி, அலசி, மறுபடி அலசி
அடுப்பில் ஓர் இரவு.
காலையில் தட்டில்
வறுத்த மல்லிப்பொடியின் நிறத்தில் கொஞ்சம் தூள்.
அதோடு ஆமணக்கெண்ணெய்க் குழம்பு,
கெட்டியாக்கி, இரண்டு சொட்டு வினையூக்கி.
கலக்கு. பத்து நொடி. ஊற்று.
தள்ளி நில்.

முதல் நுரை எழவே இல்லை.
ஏழாவது எழுந்து, ஒரு தும்மல் போட்டு, அமுங்கியது.
பத்தொன்பதாவது செங்கல்.
சேமிப்பறைக் கதவுக்கு இன்றும் அதுதான் முட்டு.
இருபத்தாறைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை,
கூரையில் கறை இருக்கிறது.
நாற்பத்தொன்று
இரவில் இட்லி மாவு மூடியைத் தூக்குவதுபோல
குவளை விளிம்பைத் தாண்டி மெல்ல வந்தது,
நின்றது.
ஹ்வீ லெங் விரலால் அழுத்தினார்.
விரலை எடுத்தார்.
பள்ளம் யோசித்து யோசித்து மேலே வந்து
சமமானது.
இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.
ஏர்கான் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

கணினித் திரைகளைப் பெட்டியில் பொதியும்
கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.
துண்டைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார்,
நகத்தால் கீறினார்,
இடுப்புயரத்திலிருந்து ஒரு கண்ணாடியோடு கீழே போட்டார்.
கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.
"எல்லாம் நல்லாருக்கு," என்றார்.
"இதே, வெள்ளையில கிடைக்குமா?"

பெராக்சைடு, கூடுதல் செலவு, மூன்று மாதம் என்று
ஹ்வீ லெங் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.
நான் ஏனோ
மேசைமேல் இருந்த என் கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.
பிறகு, வெளுத்தால் வலு குறையும் என்றேன்.
புதிதாக ஒன்றும் இல்லை,
பதினான்காம் பக்கத்தில் அட்டவணையே இருக்கிறது.
குரல்தான்
தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது.

வீட்டில், அலமாரித் தட்டில் விரித்த நாளிதழ்
போன தீபாவளிக்குப் போட்டது,
அதற்குள் மஞ்சள்.
செய்தித்தாளை அவ்வளவு பாடுபட்டுக் கழுவுவதில்லை.
உள்ளே தங்கிவிட்டது
வெளிச்சம் படப்பட
தன் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.
நான் இதை எழுதும் தாள்
பளிச்சென்று இருக்கிறது.

அவர் இன்னும் கூப்பிடவில்லை.

நாற்பத்தொன்றில் ஒரு துண்டைத்
துணிப்பையில் போட்டு எடுத்துவந்தேன்.
துவைக்கும் இயந்திரத்தின் ஆடும் காலுக்கு அடியில்
அளவாக வெட்டிச் செருகினேன்.
மணி பதினொன்று. கடைசிச் சுற்று.
வழக்கமாக இந்நேரம்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும்
கீழ்வீட்டு மேடம்
இன்று இடிக்கவில்லை.