அரை மணி ஏற்றம்

திங்கள் முதல் சனி வரை
அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில்
நெஞ்சைப் படமெடுக்கிறேன்.
தாடையத் தூக்குங்க, தோள முன்னால கொண்டாங்க,
மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.
விடுங்க.
ஒரு நாளைக்கு அறுபது தடவை.

ஞாயிற்றுக்கிழமை, மலையை எடுப்போமே என்று
சிவசைலம் பக்கம் இந்தப் பொத்தைக்கு வந்தேன்.
கேமராவுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி.
முக்காலியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.
இந்நேரம் அது தென்காசி போய்ச் சேர்ந்திருக்கும்.

அரை மணி ஏற்றம்தான் என்றார்கள்.
சொன்னவர்களுக்கு முட்டி கிடையாது போல.
வளைந்து போகத் தெரியாத பாதை
மோட்டு ஓட்டில் ஏறும் பூனை மாதிரி
நேரே மேலே போகிறது.
சுக்குநாறிப் புல்லைப் பிடித்து ஏறினால்
கையெல்லாம் கஷாய வாசம்.

தனியா விடக்கூடாதும்மா என்று
காவலர் கூடவே வந்தார்.
ரப்பர் செருப்பு, ஒரு கம்பு.
நோட்டில் என் பெயருக்குக் கீழே
மாசானமுத்து என்று எழுதிக்கொண்டார்.
பாதி ஏற்றத்தில்
சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றியபோதுதான்
அடையாளம் தெரிந்தது.
முகம் இல்லை.
ஒடிந்து கோணலாகக் கூடிய இடது காறையெலும்பு.
போன மாசிக்கு முந்தின மாசி.
வலது நெஞ்சின் உச்சியில் ஒரு வெள்ளைப் படலம்,
மலைமுகட்டில் மஞ்சு கட்டின மாதிரி.
ஆறு மாத மாத்திரைக்குப் பிறகு
மறுபடம் எடுத்ததும் நான்தான்.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
அந்த அறையில் எல்லோரும்
சுவரைப் பார்த்துத்தானே நிற்கிறார்கள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது.
கீழே கடனா அணை,
கார் நாற்று பாவின வயல்கள்.
மேற்கே எல்லாம் வெள்ளை.
"அந்தா, ஐந்தலைப் பொதிகை.
இன்னைக்கு ரெண்டு தலைதான் வச்சிருக்கு" என்றார்.
அவருக்கு மூச்சே வாங்கவில்லை.
எனக்கு நெஞ்சுக்கூடு மத்தளமாய் அடித்தது.
பன்னிரண்டு படம் எடுத்தேன்.
பன்னிரண்டிலும் மலை நடுங்கியது.
அறுபது பேருக்குச் சொல்கிறவள்,
ஒரு நொடி பிடிக்க முடியவில்லை.

மலை எவ்வளவு பெரிசு என்று தெரிய
ஓர் ஆள் வேண்டுமே,
அந்தப் பாறையில் நிற்பீங்களா அண்ணாச்சி என்றேன்.
தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகினார்.
பொத்தானைப் போட்டார்.
தாடையைத் தூக்கினார்.
இரண்டு தோளையும் முன்னால் கொண்டுவந்தார்.
நான் ஒன்றுமே சொல்லவில்லை.
இழுத்துப் பிடித்து நின்றார்.

மஞ்சு விலகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது தலை எட்டிப் பார்த்தது.
நான்காவது, இந்தா அந்தா என்றது.
அவர் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.
"விடலாமாம்மா?"
பல்லிடுக்கில் கேட்டார்.

விடுங்க என்றேன்,
ஆஸ்பத்திரிக் குரலில்.
அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

அந்தப் படத்திலும் மலை லேசாகக் கலைந்துதான் இருக்கிறது.
அவர் மட்டும் பொத்தான் நூல் வரை தெளிவு.

இறங்கும்போது அவர் முன்னால், நான் பின்னால்.
செருப்புச் சத்தம்தான்.
கேட் வந்ததும்
"முக்காலிய தென்காசி டெப்போல போய்க் கேளுங்க,
எடுத்து வச்சிருப்பாங்க" என்றார்.