நாற்பத்து மூன்றாம் வரி

இங்வில்ட் கேட்கச் சொன்னது சின்னக் கேள்விதான்:
"ஒரு சாவுக்கு ஏன் இத்தனை வீண் செலவு?"
நான் மொழிபெயர்ப்பாளன். நாளொன்றுக்கு முப்பது டாலர்.
"வீண்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

பானை கவிழ்ந்து மண்ணோடு போன சோற்றுக்கு
எங்கள் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது.
முற்றத்தில் வெட்டிக் கிடக்கும் எருமையைக் காட்டி
அதைச் சொன்னால்
தொமிங்காஸ் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.
உள்ளே கிடத்தியிருக்கும் அவள் புருஷனும் பார்ப்பான்.

ஆகவே இப்படிக் கேட்டேன்:
"அக்கா, இத்தனை பேருக்கும் எப்படித் திருப்பிச் செய்வீர்கள்?"

அவள் பேசத் தொடங்கி ஒரு மணிநேரம் ஆனது.
பெண் எடுத்த வீட்டார் எருமையோடு மலையேற வேண்டும்.
பெண் கொடுத்த வீட்டார் பன்றியும் அரிசியும் நெய்த துணியும்.
போர்க்காலத்தில் ஒளிந்திருந்த குகையில்
பாதி மரவள்ளிக்கிழங்கு தந்தவனின் பேரன்
இன்று மாலை வருகிறான்,
அவனுக்கு என்ன செய்வது, அதுதான் தெரியவில்லை.
இங்வில்ட் பேனாவைத் தட்டினாள்:
"என்ன சொல்கிறாள்?"
"நிறைய" என்றேன்.

வெளியே
நிவாரண எழுத்து மங்கிய தார்ப்பாய்க்குக் கீழே
பள்ளிக்கூட வாத்தியார் செஃபெரீனோ
கோடுபோட்ட நோட்டில் மொய் எழுதிக்கொண்டிருந்தார்.
வெறுங்கையோடு நிற்கக் கூசி
இங்வில்டும் ஜீப்பிலிருந்து ஒரு மூட்டை இறக்கினாள்.
நாற்பத்து மூன்றாம் வரி:
இங்கிபில், அரிசி, இருபத்தைந்து கிலோ.
அரிசி கொண்டுவந்ததால்
அவள் பெண் கொடுத்த பக்கம்.
எந்தப் பெண் என்று யாரும் கேட்கவில்லை.

முட்டாள் அல்ல அவள். ஆறு வருடம் மானிடவியல் படித்தவள்.
கடைசி இரவு, ஜெனரேட்டர் நின்றபிறகும்
கைவிளக்கில் "வீண்" என்பதை அடித்துவிட்டு
வேறு மூன்று சொல் எழுதிப் பார்த்தாள்.
தலைமையகம் அதைத் திருத்தியது.
அச்சான அறிக்கை எண்பத்து நான்கு பக்கம்,
பண்பாட்டுக்கு இரண்டரை.
அட்டவணையில் அந்த எருமை
"உற்பத்தி சாராச் செலவு" ஆகியிருந்தது.

இரண்டு மழை போனது.
கழிப்பறைத் திட்டம் வந்தது, நின்றது.
சென்ற வாரம் செஃபெரீனோ போன் செய்தார்:
"அந்தப் பொண்ணு வீட்டில் வயசானவங்க இருக்காங்களா?
சேதி வந்தா உடனே சொல்லு.
அவ கணக்குக்கு ஒரு ஆடு கட்டி வெச்சிருக்கோம்."

மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன்.
உன் வீட்டில் சாவு விழுந்தால் தெரிவிக்கவும்,
நாங்கள் வர வேண்டும்.
இதை அவள் மொழியில்
சாபமாகத் தொனிக்காமல் எப்படிச் சொல்வது?
"அன்புள்ள இங்வில்ட்" என்பதோடு
நான்கு நாளாக நிற்கிறது.

ஆடு
இதற்குள் ஒரு ஈத்து ஈன்றுவிட்டதாம்.
இரண்டு குட்டி.
அதையும் அந்த வரியிலேயே எழுதிவிட்டார்கள்.